தைப்பிங் எக்ஸ்ரே முதல் முழு உடல் ஸ்கேன் வரை

நேயர்களே, பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்கள் பலவும் இன்று ரப்பர் தோட்டங்களாக இல்லை. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களை விட்டு வந்தவர்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களிலும், சுங்கை சிப்புட், செம்மோர் முதலிய சிற்றூர்களிலும் குடியேறினார்கள். அவர்களில் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறார்கள். பிள்ளைகள் படித்துக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பால் வெட்டியும் காண்டா வாளி தூக்கியும் தம்மை ஆளாக்கிய பெற்றோருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று அவர்கள் எண்ணும்போது, அண்மைக் காலமாகக் கண்ணில் படுவது முழு உடல் ஸ்கேன் என்னும் விளம்பரம். தலை முதல் கால் வரை ஒரே நாளில் பார்த்துவிடலாம், புற்றுநோயை முளையிலேயே பிடித்துவிடலாம் என்று அது சொல்கிறது. செலவோ ஆயிரக்கணக்கான வெள்ளி.

நோயின் அறிகுறி ஒன்றுமே இல்லாத ஒருவரை இவ்வாறு முழுவதுமாகப் படம் பிடித்துப் பார்ப்பதால் அவருக்கு நன்மை உண்டா? இது புதிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் மருத்துவ உலகம் இதே கேள்வியை முன்னொரு காலத்தில் எழுப்பி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செய்து பார்த்து, ஒரு விடையும் கண்டிருக்கிறது. அந்த விடைக்கு நம் தமிழகத்து நோயாளிகளும் காரணமாக இருந்தார்கள். கதையின் தொடக்கமோ நம்முடைய பேராக்கிலேயே இருக்கிறது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கதிரைக் கண்டறிந்தார். இன்னதென்று விளங்காத ஒன்றுக்குக் கணிதத்தில் இடும் எழுத்தையே அதற்கு இட்டு எக்ஸ் கதிர் என்றார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை அக்கதிரால் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், அவற்றில் ஒன்றைச் சுற்றி மோதிரமும் தெரிந்தன. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம் என்ற நிலை இருந்தது. கருவியும் விரைவாகப் பரவியது.

எவ்வளவு விரைவாக என்றால், 1897ஆம் ஆண்டிலேயே தைப்பிங் மருத்துவமனைக்கு ஓர் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. மலாயாவின் முதல் கருவி அதுவே என்று மருத்துவ வரலாறு எழுதுவோர் குறிக்கிறார்கள். ஏன் தைப்பிங்? இன்று மழைக்கும் ஏரிப் பூங்காவுக்கும் பெயர் பெற்ற அந்த அமைதியான ஊர், அன்று பேராக்கின் தலைநகராக இருந்தது. ஈப்போவுக்கு அந்தப் பெருமை 1937இல்தான் கிடைத்தது. ஈயம் தோண்டிய செல்வம் தைப்பிங்கில் குவிந்திருந்தது. 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையேதான் ஓடியது. பணம் புழங்கிய இடத்துக்குப் புதுமையும் முதலில் வந்து சேர்ந்தது.

முறிந்த எலும்பு, உடம்பில் தைத்து நின்ற குண்டு, குழந்தை விழுங்கிய காசு போன்றவற்றைப் பார்ப்பதே அக்காலத்து எக்ஸ்ரேயின் முதல் வேலை. கை முறிந்திருக்கிறதா, எங்கே முறிந்திருக்கிறது என்ற கேள்வி முன்னே வந்தது. படம் பின்னே வந்தது. இந்த வரிசையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பிற்காலத்தில் இது தலைகீழானதைப் பற்றியதே இந்த உரை.

அதே 1897ஆம் ஆண்டு, ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால், நாம் தயங்காமல் ராஸின் பக்கமே நிற்போம். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளைத் தொடர்ந்து, அடுத்த முப்பது ஆண்டுகளில் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் கப்பலுக்குக் காத்திருந்து வந்து சேர்ந்த நம்மவர்களை அந்தப் புதுக்காட்டில் காய்ச்சல் எதிர்கொண்டது. மால்கம் வாட்சன் என்னும் அரசாங்க மருத்துவர் 1901இல் கிள்ளானில் வாய்க்கால் வெட்டி மலேரியாவை அடக்கிக் காட்டினார். பின்னர் அவரும் அவர் வழியில் வந்தவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். மலேரியா பலமுறை தாக்கிய குழந்தைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும்; விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் தட்டுப்படும்.

நோயாளி என்று சொல்லி வராதவர்களைத் தேடிப் போய்ச் செய்த சோதனை அது. கருவி, மருத்துவருடைய கை ஒன்றே. நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற கணக்கு ஏறினால், அந்தத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டவும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளிக்கவும், கொயினா கொடுக்கவும் வேண்டும். கண்டுபிடித்தபின் செய்வதற்கு ஒரு காரியம் கையில் இருந்ததால்தான் அந்தச் சோதனை உயிர்களைக் காத்தது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968இல் எழுதிய அறிக்கை, நோய் தேடும் சோதனைகளுக்கு உரிய நெறிகளை வகுத்தது. தேடும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், யாரை நோயாளி என்று கொள்வது என்பதில் தெளிவு வேண்டும் என்பவை அவற்றுள் சில. மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தவர்கள் இவற்றைப் படிக்காமலே கடைப்பிடித்தார்கள் எனலாம்.

தோட்டத்து மருத்துவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தேவைப்படும் தோட்டங்கள் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. நடைமுறையில் தொழிலாளிக்கு வைத்தியர் என்றால் டிரெசர்தான். 1965இல்தான் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது. அவர்களில் கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்தை ஊற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

இதற்கிடையில் கதிரின் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரேயோடு பழகிய கிளாரன்ஸ் டாலி என்னும் உதவியாளர், கைகள் புண்ணாகி, புற்றுநோய் கண்டு, 1904இல் இறந்தார். கதிரால் மாண்ட மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஹாம்பர்க் நகரில் 1936இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் 160க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன.

அதே 1936இல்தான் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் டி அப்ரியூ, மார்பு எக்ஸ்ரேயைச் சிறு பிலிமில் மலிவாகவும் விரைவாகவும் எடுக்கும் முறையைக் கண்டார். நோக்கம் காசநோய். எலும்புருக்கி என்று நம் மக்கள் அஞ்சிய நோய் அது. அதற்கு மருந்து இல்லாத காலம். இருமுகிறவரை மட்டும் பார்ப்பானேன், எல்லோரையும் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் எழுந்தது. எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். 1957இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐந்தே வாரங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று மார்பைப் படம் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் 1955 முதல் 1958 வரை எக்ஸ்ரே வண்டிகளோடு நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கை அதில் உடைந்தது. கிராமத்திலும் அது ஏறத்தாழ அதே அளவில் இருப்பது தெரிந்தது. இப்படித்தான் வரிசை தலைகீழானது: படம் முன்னே, கேள்வி பின்னே.

அடுத்து வந்த இரண்டு ஆய்வுகளும் தென்னிந்தியாவைச் சேர்ந்தவை. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கிற்று. காசநோயாளியைத் தாம்பரம் போன்ற இடங்களில் இருந்த சானடோரியத்தில் காற்றும் ஓய்வும் நல்ல உணவும் கொடுத்து வைத்தால்தான் பிழைப்பார் என்று அதுவரை நம்பினார்கள். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கடி மிகுந்த சொந்தக் குடிசைகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959இல் அறிவித்தார்கள். உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு அது. ஏழைக் குடிசைகளில் மாத்திரை விழுங்கியவர்களின் பெயர்கள் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது ஆய்வு கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் நடந்தது. தேபாபிரத பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963இல் அதை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே வண்டி கண்டுபிடித்த காசநோயாளிகளிடம் நேரே சென்று, உங்களுக்கு உடம்பில் ஏதேனும் தெரிந்ததா என்று கேட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ நோய் என்று அறிந்தே இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரிக்கோ மருத்துவ நிலையத்துக்கோ போயும் இருந்தார்கள். நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்திருக்க, அவர் இருமலைக் காது கொடுத்துக் கேட்காமல் அனுப்பிவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு ஊர் முழுவதும் அவரைத் தேடியிருக்கிறோம் என்பது வெளியாயிற்று.

மலேசியாவில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961இல் தொடங்கியது. 1974இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எல்லோரையும் கண்மூடித்தனமாக எக்ஸ்ரே எடுக்கும் நடமாடும் முறையைக் கைவிடலாம் என்று சொல்லிவிட்டது. எக்ஸ்ரே பயனற்றது என்று அக்குழு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருமலோடு வருபவரின் சளியைச் சோதியுங்கள், தேவையானவருக்குப் படம் எடுங்கள் என்றது.

விந்தை என்னவென்றால், அதே 1974இல்தான் உடல் முழுவதையும் படம் பிடிக்கும் சிடி ஸ்கேன் கருவி அமெரிக்காவில் ராபர்ட் லெட்லியின் முயற்சியால் மருத்துவமனையில் நிறுவப்பட்டது. அதற்கு முன்னோடி, இங்கிலாந்தில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த கருவி. 1971 அக்டோபர் 1ஆம் நாள் அது முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்த நிறுவனம் ஈஎம்ஐ. நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் போட்ட இசைத்தட்டுகளை வானொலி நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அதே நிறுவனந்தான். எக்ஸ் கதிரைப் பல கோணங்களில் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணினியால் கூட்டி, உடலை வாழைத்தண்டு நறுக்கினாற்போல் வில்லை வில்லையாகக் காட்டுவது சிடி ஸ்கேன். எம்ஆர்ஐ ஸ்கேன் வேறு வகை. வலிமை மிக்க காந்தத்தையும் வானொலி அலையையும் கொண்டு, உடலிலுள்ள நீரின் அணுக்களிடமிருந்து படம் வாங்குவது. 1977 ஜூலை 3ஆம் நாள் ரேமண்ட் டமேடியன் ஒரு மனிதரின் மார்பை இம்முறையில் எடுத்தபோது, ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது.

இவ்விரண்டின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. எம்ஆர்ஐயில் எக்ஸ் கதிர் இல்லை. ஆனால் இதயத்துடிப்புக் கருவியோ உலோகமோ உடம்பில் இருப்பவர்கள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சிடியில் கதிர் உண்டு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவர் மீது ஓராண்டில் படும் கதிர் உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.1. மார்பும் வயிறும் இடுப்பும் சேர்ந்த சிடி ஸ்கேன் 10 முதல் 20 வரை போகலாம். விபத்தில் அடிபட்டவருக்கு இது ஒரு பொருட்டன்று. அந்தப் படமே உயிரைக் காக்கலாம். நோய் இல்லாதவர் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்வது வேறு விஷயம்.

ஆனால் நம் கவலை கதிரைப் பற்றியது மட்டுமன்று. அறுபது வயது உடம்பைக் கூர்ந்து பார்த்தால் ஏதாவது ஒரு புள்ளி தெரியாமல் இராது. நுரையீரலில் பழைய தழும்பு, ஈரலில் நீர்க்கொப்புளம், சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சிறு கட்டி. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாமல் அந்த மனிதரோடு கடைசி வரை இருந்திருக்கும். படத்தில் விழுந்துவிட்டால் அப்படியே விட முடியாது. மறுபடியும் ஸ்கேன், பிறகு ஊசி குத்திச் சதை எடுத்தல், சில வேளை அறுவை என்று கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும்.

தென் கொரியாவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 1999இல் அங்கே அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. கழுத்துத் தைராய்டு சோதனை அத்திட்டத்தில் இல்லை. எனினும் மருத்துவமனைகள் சிறு தொகைக்கு அல்ட்ராசவுண்டு படத்தையும் சேர்த்து எடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்காயிற்று. அந்நோயால் இறந்தோர் எண்ணிக்கையோ மாறவே இல்லை. புற்றுநோய் பெருகவில்லை, தூங்கிக் கிடந்த புள்ளிகளை எழுப்பியிருக்கிறார்கள். தைராய்டை இழந்தவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல் நரம்பும் பழுதுபட்டது. இது 2014இல் வெளியானபின் அங்கே இச்சோதனைகள் குறைந்தன.

எவருக்கும் ஸ்கேன் சோதனை பயன்படாதா என்றால், பயன்படும். நெடுங்காலம் மிகுதியாகப் புகைபிடித்த 53,000க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. குறைந்த கதிர் சிடி ஸ்கேனால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. அதிலும்கூட, சந்தேகம் என்று குறிக்கப்பட்ட படங்களில் நூற்றுக்கு 96 புற்றுநோயாக இல்லை. இன்ன வயது, இன்ன ஆபத்து, இன்ன உறுப்பு என்று வரையறுத்ததால்தான் அந்தத் தொல்லையையும் மீறிப் பயன் கிட்டியது. அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2023இல் கூறியது. படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம் இப்படிச் சொல்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, முழு உடல் என்ற சொல். அது முழு உடலையும் சொல்லிவிடாது. ரத்த அழுத்தத்தை எந்த ஸ்கேனும் அளப்பதில்லை. இனிப்பு நீர் எம்ஆர்ஐயில் தெரியாது. பெருங்குடலில் முளைக்கும் சிறு கட்டியை இத்தகைய படங்கள் தவறவிடலாம். மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனைதான் அதற்குரிய முதற்படி. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நோய் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதையே அறியாமல் இருந்தார்கள். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையோடு திரும்பும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, இன்னும் சில ஆண்டுகளில் கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ இழக்கக்கூடும். நாம் அஞ்சுவது இதற்குத்தான்.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், கையில் அழுத்தமானியின் பட்டை ஆகியவற்றுக்கு ஈப்போவின் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஆகும் செலவு மிகச் சொற்பம். நாற்பது வயதான குறைந்த வருமானத்தினருக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் உடற்பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். தகுதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் மார்பகப் பரிசோதனையையும் கருப்பை வாய்ப் பரிசோதனையையும் அங்கேயே விசாரிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியிலோ மலத்திலோ ரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், தட்டுப்படும் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் அவர் அறிகுறி இல்லாதவர் அல்லர். அவர் விளம்பரத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் ஸ்கேன் வேண்டும் என்றால் அஞ்சாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இன்னமும் ஆண்டுதோறும் 20,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. தைப்பிங்குக்கு வந்த அந்தக் கதிர் அவர்களுக்கு இன்றும் வேண்டியதே.

ஏற்கெனவே முழு உடல் ஸ்கேன் எடுத்து, அறிக்கையில் ஏதோ புள்ளி என்று எழுதியிருந்து, அதனால் உறக்கம் இழந்திருப்போரும் நேயர்களில் இருக்கலாம். அறிக்கையையும் படம் பதிந்த தட்டையும் எடுத்துக்கொண்டு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். பத்தாண்டுக்கு முன் வேலைக்காகவோ வேறு நோய்க்காகவோ எடுத்த பழைய எக்ஸ்ரே வீட்டு அலமாரியில் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்துச் செல்லுங்கள். அதே புள்ளி அதே அளவில் அன்றும் இருந்திருந்தால், ஊசியும் கத்தியும் பெரும்பாலும் தேவைப்படாமற் போகலாம்.